சினை மீன்

போன வாரம் மருமகள் மீன் சினையை மிளகாய்த்தூள் போட்டு வறுத்துத் தட்டில் வைத்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் எழுந்து கை கழுவிவிட்டேன். வயசாகி நாக்கு செத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். உங்களிடம் சொல்வதற்கென்ன, நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் மீன்துறையில் கடைநிலை உதவியாளன். கையில் ஒரு நோட்டு, தலையில் கொம்பு முளைத்த நினைப்பு. சமவெளியில் ஆற்றை மறித்து அப்போதுதான் அணை கட்டி முடித்திருந்தார்கள். முதல் புதுவெள்ளத்தில் அதன் அடியில் போய் நின்றேன். முட்டையிட மேலே ஏற வந்த கெண்டைகள் சுவரில் மோதி மோதி விழுந்தன. ஜனங்கள் கூடை கூடையாக அள்ளினார்கள். எனக்கும் கொடுத்தார்கள், எல்லாம் சினை மீன். மூன்று நாள் வறுத்துத் தின்றேன். அணையால் மீன் பெருகிவிட்டது என்று அறிக்கை எழுதினேன். மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் வருஷம் ஆவணியில், ஜவ்வாது மலையடியிலிருந்து வெள்ளையன் என்பவர் நடந்தே ஆபீஸுக்கு வந்தார். சாமை விதைக்கிறவர். அவர் ஊர் ஓடை அணைக்கு மேலே அந்த ஆற்றில் கலக்கிறது. சாமை அறுக்கும்வரை ஓடையேறி வரும் கெண்டைதான் அந்த ஊரின் பசிக்கு. ஏறும் சினை மீனை யாரும் தொடக்கூடாது, முட்டையிட்டுத் திரும்பும்போதுதான் பிடிக்கலாம் என்பது அங்கே கட்டுப்பாடு. அணை வந்த பிறகு ஒரு மீனும் ஏறவில்லை. யாரோ சினை மீனைத் தின்றுவிட்டார்கள் என்று ஊர் முடிவு கட்டியது. பிள்ளை உண்டாகியிருந்தபோது வாய்க்கு ருசியாகக் கேட்டிருப்பாள் என்று பழி வெள்ளையனின் மனைவி காளிமேல் விழுந்தது. கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் விடவில்லையாம்.

"அவ தின்னலங்க. நீங்க மீனு ஆபீசரு. மீனு இன்னாத்துக்கு வர்லன்னு ஊராண்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

அணைச் சுவரில் மோதி விழுந்தவை அந்த ஓடைக்கு ஏற வந்த மீன்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரில் போய் அதைச் சொன்னால் என் அறிக்கை பொய்யாகும். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மறு வருஷம்தான் போனேன். வெள்ளையன் வீட்டில் கூரை சரிந்து கிடந்தது. இருவரும் குழந்தையோடு எங்கோ கூலிக்குப் போய்விட்டார்களாம். ஓடையில் வலையோடு நின்ற ஒருவர் நிம்மதியாகச் சொன்னார்: "அந்தப் பொம்பள போய்ட்டா. இனிமே மீனு ஏறுங்க."

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

அந்த ஓடையில் பிறகு கெண்டை ஏறவே இல்லை. தின்றவன் நான்தான் என்று இன்று போய்ச் சொன்னாலும், எந்த மீன் என்று கேட்பார்கள்.