என் வாயால் செத்துப் பிழைத்த இட்லி அக்கா

கொரோனாவின் முதல் ஊரடங்கில் நடந்தது இது. மும்பை தாராவியில், எதிர் வீட்டுக்காரர்கள் கையை நீட்டினால் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவு அகலம்தான் எங்கள் சந்து. அங்கே நான் தையல் பட்டறை வைத்திருக்கிறேன். மிஷின்கள் எல்லாம் ஓய்ந்துவிட, டி.வி. மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் சந்துப் பெரியவர்களுக்கு இந்திச் செய்தியின் வேகம் பிடிபடாது. பிள்ளைகளுக்கோ தமிழ் வாசிக்க வராது. அதனால் தினமும் காலையில் செய்தியைத் தமிழில் பேசி, சந்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். முதல் இரண்டு நாள் ஒழுங்காகத்தான் சொன்னேன். ஒருவரும் சீந்தவில்லை. மூன்றாம் நாள் டி.வி.க்காரர்கள் மாதிரியே தொண்டையைக் கனமாக்கி, சாப்பாட்டுத் தட்டில் டம டம என்று தட்டி, "வெடிக்கக் காத்திருக்கும் குண்டு, நம் தாராவி!" என்றேன். அது மும்பைக்குள்ளேயே கோவண்டி, விக்ரோலி என்று சுற்றி, ஊர்ப்பக்கம் திருநெல்வேலி வரை பறந்தது. அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா?

"குடியிருக்க வீட்டயே குண்டுன்னு சொல்லுதியளே, வெளங்குமா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். என் காதில் ஏறினால்தானே!

மூன்றாவது வீட்டு அக்கா தனியாள். இட்லி விற்றுத்தான் பிழைப்பு. ஊரடங்கிலும் சந்துக்குள்ளேயே வீடு வீடாகக் கொடுத்துவந்தார். ஒருநாள் லேசான காய்ச்சல் என்று மாநகராட்சி வண்டி வந்து அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது. நடந்தது அவ்வளவுதான். நான் தட்டை எடுத்துவிட்டேன். "சந்துக்குள் புகுந்தான் எதிரி! முதல் பலி, நம் இட்லி அக்கா!"

பலி இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தட்டின் தாளத்துக்கு அந்த வார்த்தைதான் எடுப்பாக இருந்தது.

மூன்றாம் நாள், தொற்று இல்லை என்ற சீட்டோடு அக்கா திரும்பிவிட்டார். அதுவரை சார்ஜ் இல்லாமல் கிடந்த போனை உயிர்ப்பித்து ஊருக்கு வீடியோ கால் போட்டால், அண்ணன் வீட்டுச் சுவரில் இவருடைய படம், அதற்கு மாலை! "எண்ணே, நாந்தான் பேசுதேன்!" என்று இவர் கத்தியதும் அண்ணன் போனைப் போட்டுவிட்டு ஓடியே போனாராம். கேட்டுச் சந்தே சிரித்தது.

ஆனால் சிரித்த சந்து மறுநாள் இட்லி வாங்கவில்லை. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்ற குடங்கள் நகர்ந்தன. ஒரு அண்டா இட்லி அப்படியே ஆறிப்போனது. எனக்கு அவமானமாக இருந்தது.

அக்கா என் வாசலுக்கே வந்துவிட்டார். "தம்பி, என்னயக் கொன்னீரு, போட்டும்னு விட்டுட்டேன். எம் பொழப்பயுங் கொன்னுட்டீரே! எடும் அந்தத் தட்ட. அதே டமடமவோட இதயுஞ் சொல்லும்."

தட்டினேன். "சற்றுமுன் கிடைத்த செய்தி! இட்லி அக்காவுக்குத் தொற்று இல்லை!" நாலு இட்லியை விழுங்கி வீடியோவும் போட்டேன். ஒருவர்கூட அதை மேற்கொண்டு அனுப்பவில்லை. ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. அது என் மனைவியுடையது.

வேறு வழியில்லாமல், சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அண்டாவைத் தூக்கியபடி அக்காவுக்கு முன்னால் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நான் சொன்னது பொய்" என்று சாதாரணக் குரலில் சொன்னேன். "அப்படின்னா நீரு தின்னும் பாப்போம்" என்றார்கள். முகக்கவசத்தை இறக்கி வாசலுக்கு ஒன்றாகத் தின்றேன். பதினேழாவது வாசலில் விழி பிதுங்கிவிட்டது. இப்படியே நாலு நாள். ஐந்தாம் நாள்தான் ஒரு வீட்டிலிருந்து தட்டு நீண்டது. "நாலு வைங்கக்கா, சட்னி கூடப் போடுங்க." அக்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் அழுதுவிட்டேன்.

நான் சொன்ன பொய்யை யார் யாரோ ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், உண்மையை மட்டும் நானே வாசல் வாசலாகச் சுமக்க வேண்டியிருந்தது என்ற நினைப்பு, இன்றைக்கும் எதையாவது பரபரப்பாகச் சொல்ல வாயைத் திறக்கும்போது என்னை ஒரு நிமிடம் நிறுத்திவிடுகிறது.