முழங்கால் தண்ணீர்

பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் சகாதேவனின் தலை திரும்பாது, ஆளே திரும்புவார். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு தோள், கடைசியாக முகம் வந்து சேரும். அதற்குள் கூப்பிட்டவர் பாதி விஷயத்தை அவர் முதுகிடமே சொல்லி முடித்திருப்பார். கோயிலின் பே கோபுரத்துப் பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஒருவர் காலை ஒருவர் வாரியே பொழுதை ஓட்டுகிற கூட்டம் அது. இவர் விஷயத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். “அது சாமி தூக்கின கழுத்துப்பா” என்பார்கள்.

அவருடைய ஆட்டோவில் ஏழு கண்ணாடிகள். வண்டியோடு வந்தவை இரண்டு. மீதி ஐந்தும் பழைய மோட்டார் சைக்கிள்களிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு கோணத்தில் திருப்பி மாட்டியவை. சவாரிக்கு ஏறும் பெண்கள் மூன்று பக்கமும் தங்களைப் பார்த்துப் பூவைச் சரிசெய்துகொள்வதுண்டு. “இன்னாங்க இது, ஆட்டோவா, சலூனா?” என்று கேட்டால், “ஊரே தெரியும்மா இதுல. குந்துங்க” என்பார். டீ குடித்தால் கடைசி வாய் கிளாஸிலேயே நின்றுவிடும். அண்ணாந்து குடிக்க முடியாது. கார்த்திகை தீபத்தன்று ஊர் மொத்தமும் தலையைத் தூக்கி மலையைப் பார்க்கும்போது, இவர் மட்டும் வேட்டவலம் சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பார். அவ்வளவு தூரம் போனால்தான் மலை உச்சி அவர் கண்மட்டத்துக்கு இறங்கி வரும்.

வயது ஐம்பது. சட்டையைக் கழற்றினால் இடது தோளில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு தெரியும். பதினெட்டு வருஷம் தீபத் திருவிழாவில் பல்லக்குத் தண்டைத் தாங்கிய தோள். அதில் பொய் கிடையாது. பொய் அதற்கு ஒரு சாண் மேலே, கழுத்தில் இருக்கிறது.

ஊரில் அந்தக் கழுத்துக்கு இரண்டு விதமான பேச்சு. வயதானவர்கள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது, “சாமிக்காகக் கழுத்த குடுத்த மனுஷன், நல்லா இருக்கணும்” என்று சொல்லி, மடியிலிருந்த விபூதியை அவர் நெற்றியில் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை பெற்ற தாய்மார்கள் அதே கழுத்தைத் தூர நின்று மகன்களுக்குக் காட்டுவார்கள். “தண்டு தூக்கறேன்னு போய் நில்லு, அவரு மாதிரி கழுத்து நட்டுக்கும்.” வேகமாக எதிர்த்துப் பேசத் தெரிந்த மனிதர்தான். ஆனால் இதில் எந்தப் பேச்சு வந்தாலும் உடனே கிக்கரை இழுத்து வண்டியைக் கிளப்பிவிடுவார்.

ஆரம்பத்தில் மறுத்துப் பார்த்தார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க.” அவ்வளவுதான், அடக்கமான மனிதர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இல்லை என்றால் அடக்கம், பேசாமல் இருந்தால் ஆமாம் என்று அர்த்தம். பாரதத்துச் சகாதேவனுக்கு எல்லாம் தெரியும், வாயை மட்டும் திறக்க மாட்டான் என்பார்கள். பெயர் வைத்தவர்கள் இவ்வளவு பொருத்தத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கழுத்து போன காலத்தில் அவர் ஆட்டோக்காரர் இல்லை. டிராவல்ஸ் ஒன்றில் அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தார். தொண்ணூற்று நான்காம் வருஷம் செங்கம் சாலையில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் ஆஸ்திரேலியாக்காரரை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார். காரின் தலையில் ஆளை விட நீளமான ஒரு பலகை. துணி சுற்றிக் கட்டியிருந்ததால் திண்டிவனம் ரயில்வே கேட்டில் நின்றவர்கள், “யாருக்குப்பா பாடை?” என்று கேட்டார்கள். அந்தப் பலகையில் ஏறித் தண்ணீர் மேல் ஒரு மனிதன் நின்றுகொண்டே வந்ததைச் சகாதேவன் அன்றைக்குத்தான் பார்த்தார். வாயில் இருந்த பீடி அணைந்து போனதுகூடத் தெரியவில்லை.

பலகை அவருக்குச் சரிப்படவில்லை. அவர் மனம் போனது மீனவப் பையன்கள் பக்கம். அங்கே கரை சில இடங்களில் சரேலென்று சரியும். தூரத்திலேயே உடைந்து நுரையாக வர வேண்டிய அலை, அங்கே கரைக்கு வந்த பிறகு ஆளுயரம் எழுந்து, நேராக மணல் மேலேயே விழும். நெல் மூட்டையை லாரியிலிருந்து தள்ளியது போல் ஒரு சத்தம். பையன்கள் அதில் உடம்பையே பலகையாக்கி, கையை நீட்டிக் குப்புறப் பாய்ந்து வந்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர் பலகையோடுகூட அந்தப் பக்கம் போக மாட்டார். சகாதேவன் அதைக் காட்டி ஜாடையில் கேட்டபோது, “நோ, நோ” என்று தன் பிடரியைத் தட்டிக் காட்டினார். அடுத்த தடவை போனபோது சகாதேவன் சட்டையைக் கழற்றி சீட்டில் மடித்துப் போட்டுவிட்டு, காக்கிப் பேண்ட்டோடு இறங்கிவிட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்து நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் அலை எழும்போது காலடித் தண்ணீர் கடலுக்குள் இழுபடும். அந்த நேரம் மண்ணை உதைத்துப் படுத்துவிட வேண்டும். முந்தினால் அலை விட்டுவிட்டுப் போகும்; பிந்தினால் தூக்கி அறையும். சரியாக வாய்த்தால் மூன்று நொடி. அந்த மூன்று நொடியில் உடம்புக்கு எடையே இல்லை. மாட வீதியில் சாமியோடு ஒரு சுற்று வர ராத்திரி முழுக்க ஆகும், தோள் எரியும், பாதம் வீங்கும். இங்கே அவர் எதையும் தூக்க வேண்டியதில்லை. நாற்பத்தோரு வயதில் முதல் தடவையாக ஒன்று அவரைத் தூக்கியது. முதல் நாளே முட்டியும் மூக்கும் தேய்ந்து ரத்தம் வந்தது. “கார் டயர் மாத்தும்போது விழுந்துட்டேன்” என்று மனைவி சரசுவிடம் சொன்னார். பொய்க்கு அதுதான் பிள்ளையார் சுழி.

பிறகு இரண்டு வருஷம், செங்கல்பட்டுப் பக்கம் எந்தச் சவாரி கிடைத்தாலும் முதல் ஆளாகக் கையைத் தூக்குவார். அலைகளில் கை தேர்ந்துவிட்டது. ஒரே ஒரு விதிதான் அவருக்குப் பையன்கள் சொல்லிக்கொடுத்தது. தண்ணீர் ஒரேயடியாக வற்றி மணல் தெரிந்தால், பின்னால் வருவது எவ்வளவு அழகான அலையாக இருந்தாலும் ஏறக் கூடாது. முங்கிக்கொள்ள வேண்டும்.

தொண்ணூற்றாறு தீபத் திருவிழாவின் ஐந்தாம் நாள். சாயங்காலம் முன்தண்டில் நிற்பதாக, சாமி தூக்குகிறவர்களுக்கு மூத்தவரான அப்பாசாமியிடம் சொல்லியிருந்தார். வீட்டில், “ஏர்போர்ட் சவாரி, மத்தியானம் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியோடு கிளம்பினார். மழைக்காலக் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பத்து அலை ஏறினார். போதும் என்று கரையேற நடந்தவருக்கு, இன்னும் ஒன்றே ஒன்று என்று தோன்றியது. தண்ணீர் வற்றியது. மணல் தெரிந்தது. தெரிந்துதான் உதைத்தார்.

தலை மணலில் குத்தியதும் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது, கை வரவில்லை. இரண்டு மீனவர்கள் பேண்ட்டைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். மீன் கூடையோடு நின்ற ஒரு கிழவி குனிந்து பார்த்து, “முழங்கால் தண்ணியில சாவ வந்தியாடா, கட்டையில போறவனே?” என்று திட்டினாள். உயிர் போனாலும் பரவாயில்லை, அந்தக் கேள்வி காதில் விழுந்திருக்க வேண்டாம் என்று அவருக்கு இன்றைக்கும் தோன்றும். நடுக்கடலில் விழுந்தவனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதையாவது இருக்கும்.

கழுத்தில் இரண்டு எலும்புகள் நகர்ந்திருந்தன. நல்ல காலம், கையும் காலும் நாலு நாளில் திரும்பிவிட்டன. ஆஸ்பத்திரியில் வந்து அழுத சரசுவிடம், “ரோட்டோரம் வழுக்கிட்டேன்” என்றார். கடற்கரையில் நின்ற காரை எடுத்துவரப் போனவன் அதே டிராவல்ஸில் வண்டி ஓட்டிய காசி. பூட்டின காருக்குள் சட்டையும் செருப்பும் ஒழுங்காக எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தான். கட்டிலில் கிடந்தவரின் தலையில் மணலைப் பார்த்தான். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்பவர்கள் உண்டு. இவருக்குக் காதில்கூட ஒட்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குக் கூட்டிவரும்போது பின்சீட்டிலிருந்து சகாதேவன் தானாகவே சொன்னார்: “நாம சாமிய தூக்கறோம் இல்ல காசி, அந்த மாதிரி அலை நம்மள தூக்கும்டா.”  காசி இன்றுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருவர்தான் ஆரம்பித்தார். “சும்மா வழுக்கினா கழுத்து போவுமா? பதினெட்டு வருஷம் தண்டு அழுத்தி ஏற்கெனவே தேஞ்சிருக்கும்.” சுற்றி நின்றவர்கள் தோள் காய்ப்பைப் பார்த்தார்கள், கழுத்துப் பட்டையைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். சகாதேவன் செய்தது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. இந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாசாமி வீட்டுக்கு வந்தார். எழுபது வயது, கைத்தடி. சகாதேவனின் மகன் மாறன், இருபத்து மூன்று வயது, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், இந்த வருஷம் சாமி தூக்க வருவதாக அவரிடம் பெயர் கொடுத்திருந்தான். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்திருந்தார்.

சரசு அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். “அவன் வர மாட்டான்” என்றவள், பக்கத்தில் நின்ற மகனிடம் திரும்பினாள். “உங்க நைனா கழுத்த பாருடா. பாத்துட்டுமா போறேன்ற?”

“யம்மா, எல்லாருக்குமா அப்படி ஆவுது?”

“ஒருத்தருக்கு ஆச்சே, அது பத்தாதா? பதினெட்டு வருஷம் தூக்கினாரே, இன்னா குடுத்தாரு அந்த சாமி? கழுத்த ஒடிச்சுக் குடுத்தாரு.”

சாமியைச் சொன்னால் அப்பாசாமிக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

“சாமிய ஒண்ணும் சொல்லாதம்மா. தப்பு என்னுது. உயரமா கீறானேன்னு நான்தான் இவன முன்தண்டுல நிறுத்தினேன். பாரம் அங்கதான் ஜாஸ்தி. ஆள மாத்தி மாத்தி வுட்டிருக்கணும், வுடல. ஏழு வருஷமா இந்தத் தெருப் பக்கமே நான் வரல, பாத்தியா? இன்னா மூஞ்ச வெச்சுக்கினு வருவேன்?”

சகாதேவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊர் அவரைப் புகழ்ந்ததை அவர் பொறுத்துக்கொண்டார். சாமி மேல் பழி விழுந்ததையும் எப்படியோ பொறுத்துக்கொண்டார். சாமி பெரியவர், தாங்குவார் என்று ஒரு சமாதானம் இருந்தது. தான் விளையாடிய விளையாட்டை ஏழு வருஷமாக இந்தக் கிழவர் சுமந்துகொண்டு திரிந்தது அவருக்குத் தெரியாது. காது மடல் சுட்டது. தலையைக் குனிய வேண்டும் போல் இருந்தது. குனியவும் வராத கழுத்து.

“மாமா, கழுத்து சாமியால போவல” என்றார்.

“பின்ன?” என்றாள் சரசு.

“கடல்ல போச்சு. மாமல்லபுரத்துல.”

“சவாரி போன எடத்துல விழுந்துட்டீங்களா?”

“சவாரியும் இல்ல, விழவும் இல்ல.” நாற்காலிக் கையைப் பற்றிக்கொண்டார். “வெளாடினேன்.”

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அந்த வார்த்தையை அவர்களால் அவரோடு சேர்க்க முடியவில்லை. “கடல்ல இன்னா நைனா வெளாட்டு?” என்றான் மாறன். நிஜமாகவே புரியாத முகம். அலை, ஏறுவது, தூக்கும் என்று சகாதேவன் ஏதேதோ ஆரம்பித்தார். ஒன்றும் ஒட்டவில்லை. சரசுவின் முகத்தில் பயம் வந்துவிட்டது. மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்ற பயம்.

அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டியை ஊன்றினார், பிறகு இன்னொன்றை. மெல்லச் சிமெண்டுத் தரையில் நெஞ்சு படக் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு முன்னால் நீட்டினார்.

அப்பாசாமி பதறிப்போய்க் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “டேய், எங்கால்லயா விழற? வேணாம்டா, எழுந்திரு. மாறா, தூக்குடா உங்க நைனாவ!”

மாறன் குனிந்து தோளைத் தொட்டான். சகாதேவன் எழவில்லை. நெற்றி தரையில் பதிந்திருக்க, நீட்டிய விரல்களைச் சேர்த்துக் கூராக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, இரண்டு பாதங்களாலும் அந்தச் சிமெண்டுத் தரையை உதைக்க ஆரம்பித்தார்.