டீச்சருக்குக் கொடுத்தனுப்பிய தண்ணீர்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கும் ஓர் ஊரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் ரசாயனம் சொல்லிக்கொடுத்தேன். ஐம்பதுகளின் கடைசி. எனக்கு அப்போது வயது கம்மி, வாய் ஜாஸ்தி. கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் அப்படியே பார்த்து எழுதி, பரீட்சையில் கக்கிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி ஏன் சிவக்கிறது என்று செய்து காட்டுவேன். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டு மை தயாரித்து, அந்த மையிலேயே வீட்டுப்பாடம் எழுதச் சொல்வேன். தலைமை ஆசிரியை என் பாடத்தைச் சமையல் வகுப்பு என்பார். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊரின் கிழக்கே தோல் பதனிடும் டேனரிகள். அவற்றை ஒட்டி ஒரு தெரு. அந்தத் தெருவின் ஆண்கள் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து எடுக்கிறவர்கள், பெண்கள் தோலிலிருந்து வழித்த மயிரை அலசுகிறவர்கள். தோல் கெடாமல் இருக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுவார்கள். அந்த உப்பெல்லாம் கழுவிய தண்ணீரோடு மண்ணில் இறங்கியது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, குழாய் போடுங்கள் என்று அந்தத் தெருக்காரர்கள் பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வருஷம் ஒரே ஒரு தெருவுக்குத்தான் குழாயை நீட்ட முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

இது என் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வெள்ளி நைட்ரேட் சொட்டுவிட்டுப் பார்ப்பது பாடத்திலேயே இருந்தது. உப்பு இருந்தால் பால் திரிந்தாற்போல வெள்ளையாக இறங்கும். ஐந்தாம் பாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவர வேண்டும், சோதித்துப் பார்த்து ஊருக்கு ஒரு தண்ணீர்ப் படம் போட வேண்டும் என்றேன். டேனரித் தெருவுக்கு ஒரு சாட்சி கிடைக்கும் என்பது என் கணக்கு. அதை யாரிடமும் சொல்லவில்லை. விஞ்ஞானம் பட்சபாதம் பார்க்காது என்று வகுப்பில் பேசிவிட்டு, நானே பட்சபாதம் பார்க்கக் கூடாதே.

மறுநாள் ஜன்னல் விளிம்பு முழுக்க பாட்டில்கள். பெரும்பாலும் தர்மாஸ்பத்திரி மருந்து பாட்டில்கள், வேளைக் கணக்குக் காகிதம் ஒட்டியபடியே. டேனரித் தெருப் பாட்டில்களை மட்டும் பார்த்ததும் தெரியும். சாம்பல் போட்டுத் தேய்த்து, வாய்க்குச் சுத்தமான துணி கட்டி அனுப்பியிருந்தார்கள். என் தெருப் பிள்ளைகளோ பள்ளிக்கு வருகிற வழியில் கிணற்றில் மொண்டு, விரலால் வாயை அடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

என் தெருத் தண்ணீரில் சொட்டுவிட்டதும் வெள்ளை இறங்கியது. டேனரித் தெருத் தண்ணீர் லேசாகக் கலங்கியது, அவ்வளவுதான். இன்னொரு பாட்டில், அதுவும் அப்படியே. அந்தத் தெருப் பாட்டில்கள் எதிலும் வெள்ளை இறங்கவில்லை.

அந்தத் தெருப் பெண் ஒருத்தி எழுந்தாள். நன்றாகப் படிக்கிறவள், சந்தேகம் கேட்கப் பயப்படாதவள்.

"எங்க கெணத்துத் தண்ணி கரிக்கும் டீச்சர். இது எப்டி இப்டி வருதுன்னு தெரியல."

நான் அவளை உட்கார வைத்தேன். சும்மா உட்கார வைக்கவில்லை. நாக்கு சொல்வது அபிப்பிராயம், சோதனைக் குழாய் சொல்வதுதான் உண்மை என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நானும் இவர்கள் சொன்னதை நம்பித்தான் வந்தேன், ஆனால் உண்மை வேறாக இருந்தால் அதற்குத் தலைவணங்க வேண்டாமா என்று கேட்டேன். என் நேர்மை எனக்கே அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அந்தத் தெருவின் மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

பழைய காலண்டர் தாள்களை ஒட்டிப் படம் போட்டோம். நல்ல தண்ணீருக்குச் சலவை நீலம், உப்புத் தண்ணீருக்குக் குங்குமம். டேனரித் தெரு நீலமாக ஜொலித்தது. ஊரிலேயே அதிகம் சிவந்தது நான் குடியிருந்த தெரு. பள்ளிப் பொருட்காட்சிக்கு வந்த பஞ்சாயத்துத் தலைவர் அந்தப் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். டேனரியால்தான் தண்ணீர் கெட்டது என்று ஒப்புக்கொண்டு முதலாளிகளைப் பகைத்துக்கொள்ளாமல் ஒரு முடிவுக்கு வர அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் அதற்குக் கலர் போட்டுக் கொடுத்தேன். எனக்கு மாலை போட்டார்கள். நானும் கழுத்தை நீட்டினேன்.

குழாய் என் தெருவுக்கு என்று முடிவானது.

அந்தப் பெண் அதற்குப் பிறகு வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். எனக்கு உறுத்தியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா டேனரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பாய் விரித்தாள். மூலையில் துணி கட்டி வைத்திருந்த சின்னப் பித்தளைக் குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். இனித்தது.

"பாருங்க, நல்ல தண்ணியாத்தானே இருக்கு" என்றேன், கொஞ்சம் வெற்றியோடு.

அவளுக்குச் சந்தோஷம். "ஆத்து ஊத்துத் தண்ணி டீச்சர். டேனரிக்கு மேல்கையில, மணல்ல தோண்டி எடுத்தாறது. இங்க எல்லார் வூட்லயும் ஒரு கொடம் தனியா இருக்கும், கைக்கொழந்தைக்கும் வர்றவங்களுக்கும்னு. அன்னிக்கி பாட்டில்ல குடுத்தனுப்னதும் இதான். இவ கெணத்துத் தண்ணிய ரொப்பி வச்சிருந்தா. நான்தான் காலைல அதக் கொட்டிட்டு மாத்தி ஊத்தினேன். டீச்சர் தண்ணி கேட்டாங்கன்னா அதப் போயி குடுக்கறதா, இன்னா நெனப்பாங்க?"

"எல்லார் வீட்லயுமா?"

"பின்ன? எல்லாரும் அதத்தான் ஊத்தினோம்."

அவள் மகள் வாசற்படியில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் குடிக்கிற தண்ணீரைக் கொடுங்கள் என்று கேட்டேன். அம்மா மறுத்தாள். நான் விடவில்லை. மண்பானையிலிருந்து கொடுத்தாள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அதைத்தான் அந்தப் பெண் தினமும் குடித்துவிட்டு வந்து என் வகுப்பில் உட்கார்ந்தாள். அவள் நாக்கைத்தான் நான் அபிப்பிராயம் என்றேன்.

தெரு தெருவாகப் பாட்டில் கேட்டவள், ஒரு முறையாவது நேரில் போய்க் கிணற்றில் மொண்டு பார்த்திருக்கலாம். டேனரி நாற்றத்துக்குப் பயந்து நான் அந்தப் பக்கம் போனதே இல்லை என்பதுதான் நிஜம். மாதிரியை எங்கே எடுத்தோம், யார் எடுத்தார்கள் என்று கேட்பது ரசாயனத்தின் அரிச்சுவடி. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கினேன்.

திங்கட்கிழமை காலையில் நானே அந்தத் தெருக் கிணற்றில் தண்ணீர் மொண்டுகொண்டு, வெள்ளி நைட்ரேட்டையும் எடுத்துக்கொண்டு, பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்கப் போனேன். அவர் மேஜை மேலேயே சோதித்துக் காட்டினேன். சோதனைக் குழாய் முழுவதும் தயிராக உறைந்தது. அவர் மரியாதையாகப் பார்த்தார்.

"பசங்க கொண்டாந்த தண்ணி, நீங்களே பாத்து, நீங்களே கலர் போட்டீங்க. இப்ப நீங்களே தப்புன்றீங்க. நாளைக்கு இன்னொருத்தர் ஒரு பாட்டிலோட வந்து இது தப்புன்னா நான் எதத்தான் நம்பறது டீச்சர்? பைப்பெல்லாம் வந்து எறங்கிடுச்சு. அடுத்த தபா பாக்கலாம்."

பொதுமக்கள் முன்னால் தப்பை ஒப்புக்கொள்வேன் என்றேன். உங்களுக்கு எதற்கு அந்த பேஜார் என்றார். வகுப்பில் அந்தப் பெண்ணிடம், எல்லோரும் கேட்க, நீ சொன்னதுதான் சரி என்றேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சொன்னது இன்னும் என்னைக் கூசவைக்கிறது. படத்தை இறக்கிக் கிழித்தேன். கிழித்தால் குழாய் நகருமா?

நான் அந்த ஊரைவிட்டு மாற்றலாகிப் போகும்வரை அந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை. என் வீட்டு வாசலுக்கு எதிரே குழாய் வந்தது. விடியற்காலையில் டேனரித் தெருப் பெண்கள் இடுப்பிலும் தலையிலுமாகக் குடங்களோடு அங்கே வந்து வரிசையில் நிற்பார்கள். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் இருப்பார்கள். நான் குடத்தோடு வெளியே வந்தால், "டீச்சர் வர்றாங்க, வழி உடுங்க" என்பார்கள். கடைசியில் பிடித்துக்கொள்கிறேன் என்றால் கேட்கமாட்டார்கள். வராமல் வீட்டுக்குள் இருந்துகொண்டால், ஒரு குடம் நிரப்பி வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள்.

குழாயைத் திறந்ததும் முதலில் துருத் தண்ணீர்தான் வரும், செம்மண் கரைத்தாற்போல. அந்த அம்மா அதைத் தன் குடத்தில் பிடித்துக்கொள்வாள். தண்ணீர் தெளிந்த பிறகு, தன் குடத்தை நகர்த்திவிட்டு, என் குடத்தை வைப்பாள்.