ஃபிட்டா, அன்ஃபிட்டா?

அடுத்தவர் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடுவது என் வேலை. கேள்வித்தாளோடு முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டியவர்களுக்கு என் பாடு புரியும். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்பது மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய். அது உள்ளவர்களிடம் நடை, களைப்பு, மனநிலை எல்லாம் கேட்டு, பெங்களூர் ஆஸ்பத்திரியின் 'வாழ்க்கைத் தரம்' ஆய்வுக்கு எழுதித் தருகிறேன்; நலமாக இருந்தால் மதிப்பெண் கூடும். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். தப்பாக எழுதிவிடுவேனோ என்று சதா பயம்.

அம்மா சொன்ன பதில்

கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கப் பகுதியில் ஒரு இளைஞர். அவரை எது கேட்டாலும் அவருடைய அம்மாவே பதில் சொன்னார். "மனச்சோர்வு உண்டா?" என்றேன். "அவனுக்கு இன்னா சோர்வு? வேளாவேளைக்குத் துன்றான், தூங்குறான்." மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகக் கேட்கலாமென்று அம்மாவிடம் தண்ணீர் கேட்டேன். உள்ளே போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்: "அடுத்த கேள்விக்கும் இல்லன்னே போட்டுக்கம்மா."

ஸ்டெல்லா அக்காவின் நடை

அதே தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற குடியிருப்பில் ஸ்டெல்லா அக்கா. தினமும் ரயிலேறி பெங்களூரில் கணக்கு வேலைக்குப் போகிறவர். இஸ்திரி போட்ட சுடிதாரில் காத்திருந்தார். எல்லாக் கேள்விக்கும் "ஒரு கஷ்டமும் இல்ல" என்றார். நான் கேட்காமலேயே எழுந்து அறைக்குள் நடந்து காட்டினார். திரும்பும்போது கை சுவரைத் தேடியது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினார்.

இது ஆபீசுக்குப் போகாது என்றேன். அவர் நம்பவில்லை. "எங்கப்பாவ மைன்ஸ்ல இப்டிதான் மெடிக்கல் பண்ணாங்க. அன்ஃபிட்னு எழுதுனாங்க, அதோட வேலையும் போச்சு. நீ நல்லபடியா எழுதும்மா."

மேற்பார்வையாளர்

தாளில் அக்கா பூரண சுகம். டாக்டர் இதைப் பார்த்தால் தரும் மருந்தே போதுமென்று விட்டுவிடுவாரே. போனில் என் மேற்பார்வையாளரிடம் புலம்பினேன். "அவங்க சொல்றத மட்டும் எழுது. நீயா பாத்து எழுதினா, அது உன் வாழ்க்கைத் தரம்."

ஞாயிற்றுக்கிழமை

சர்ச் முடிந்து அக்கா வந்ததும் மறுபடி போனேன். "இதுல பாஸ், பெயில் இல்லக்கா. ஆய்வுல உங்க பேரு வராது. நீங்க சம்மதிச்சா உங்க டாக்டர் மட்டும் பேரோட பாப்பார். நல்லா இருக்கீங்கன்னு எழுதிக் கொடுக்க எனக்கு பயமா இருக்கு" என்றேன்.

"இன்னாமா, எனக்கு மேல நீ நடுங்குற" என்று சிரித்தார். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "மொதல்லேர்ந்து கேளு. காலையில வண்டியில சீட்டு கெடைக்கலன்னா கக்கூஸ் பக்கத்துல தரையில குந்திகினுதான் போறேன். அத எந்தக் கேள்வியில எழுதுவ?"

அதற்கென்று கேள்வி இல்லாததால் ஓரத்தில் எழுதினேன். ஒருவருடைய மதிப்பெண் மளமளவென்று குறைந்ததற்கு நிம்மதிப் பெருமூச்சு விடுகிற வேலை, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.