பலாப்பழத்துக்கும் பிஸ்மி

இன்று ஆய்வுக்கூடத்தில் சோதனைக்கு வந்த பலாச்சுளை டப்பாவைத் திறந்ததும், புதூர்நாட்டில் நாங்கள் இருந்த வீடும் அதன் வேலியும் பால்பிசின் ஒட்டிய கத்தியும் அந்த வாசனையோடு வந்துவிட்டன. அத்தா புளி வியாபாரம் செய்தார். அந்த ஊரில் நாங்கள் மட்டுமே முஸ்லிம் குடும்பம். காய், கீரை, சாமைச்சோறு, முட்டை எதற்கும் தடையில்லை. கறி மட்டும் இறைவன் பெயர் சொல்லி அறுத்த ஹலாலாக இருக்க வேண்டும். அதனால் பக்கத்து வீட்டுக் குப்பம்மாக்கா திருவிழாவுக்கு ஆக்கிக் கொண்டுவந்த கோழிக்குழம்பை அம்மா தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொல்லி மறுத்தாள். குப்பம்மாக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். எட்டு நாள் வரவே இல்லை. அம்மா தினமும் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாம் நாள் அக்கா தலையில் முழுப் பலாப்பழத்தோடு வந்து நின்றாள்.

"இன்னா பாயம்மா, இத்தயாச்சும் துன்னுவீங்களா? நான் கத்தியே வைக்கல. பாயே சாமி பேர் சொல்லி அறுக்கட்டும்."

பழத்துக்கு அந்த விதி இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். அத்தா கத்தியில் எண்ணெய் தடவி, "பிஸ்மில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லி அறுத்தார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இப்ப ஹலாலு ஆய்டுச்சா?"

"ஆய்டுச்சு, உள்ள வா" என்றாள் அம்மா.