எலும்புக்கூடு நடந்த கோடை

காய்ந்த ஏரிச் சேற்றின் உப்பு வீச்சம் விரலிடுக்கில் ஏறிவிட்டால் சோப்புக்கும் லேசில் போகாது. அந்தக் கோடை முழுக்கச் சோற்றுக் கையிலும் எனக்கு அதே வீச்சம்தான். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. அதில் ஒன்றைச் சேற்றில் செய்து, ஏரிக்கரை வரை நடக்க வைத்துப் படம் எடுப்பதென்று நானும் பக்கத்து வீட்டு பானுவும் முடிவு செய்திருந்தோம். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம் என எடுத்து ஓட்டினால் அது தானாக நடக்கும் என்று பள்ளி முகாமுக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எதெல்லாம் கெடும் என்று அந்த மனிதர் மூச்சே விடவில்லை. பள்ளி திறப்பதற்குள் பானு வீட்டார் மும்பைக்குக் குடிபோகிறார்கள். அதற்குள் படத்தை முடித்து அவளிடம் கொடுத்தாக வேண்டும்.

கேமரா என்று இருந்தது நான் "நைனா" என்று கூப்பிடும் அப்பாவின் போன் மட்டும்தான். ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊரில் முறை வைத்திருந்தார்கள். அதைப் "பாடு" என்பார்கள். தன் பாடு வரும் நாளில், தண்ணீரில் விழுந்துவிடும் என்று பயந்து அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். எங்களுக்கு வேலை நடப்பது அன்றைக்குத்தான். மற்ற நாட்களில் எலும்புக்கூடு முற்றத்து மூலையில் காய்ந்து, உப்புப் பூத்து, முழங்கால் விண்டு கிடக்கும். புதுச் சேற்றை வைத்து ஒட்டினால் அது கறுப்பு, பழையது சாம்பல். ஓட்டிப் பார்த்தால் நடுவழியில் காலுறை மாட்டிக்கொண்டவன்போல இருப்பான்.

போனை வலைக் குவியல்மேல் சாய்த்து வைத்ததுதான் பெரிய மடத்தனம். எங்கள் வீட்டில் எதற்கு முட்டுக்கொடுக்கவும் வலைதான். அது கண்ணுக்குத் தெரியாமல் அமுங்கிக்கொண்டே போக, முற்றத்தில் நாங்கள் சேற்றில் எழுப்பியிருந்த கல்லறையே படத்தில் ஏரிப்பக்கம் சரிந்தது. வெயில் இன்னொரு தொல்லை. "இன்னாடி இது, ஒரு கால நவுத்தறதுக்குள்ள நெழலு எங்கியோ பூடுது" என்று பானு தலையில் அடித்துக்கொள்வாள். போனில் இடமே இல்லை என்று அப்பா வேறு, "செத்தவன நடக்க வெக்கறதுக்கா நான் போன் வாங்கனேன்?" என்பார். 

அவள் போவதற்கு முன் வந்த கடைசிப் பாடு நாளில் போனைச் செங்கல்லோடு சேர்த்துக் கட்டினோம். சன்னலைச் சாக்கால் மூடி, டியூப்லைட்டைப் போட்டு, சேறு காயாமல் ஈரத்துணி போர்த்தி, அவள் நகர்த்த நகர்த்த நான் எடுத்தேன். சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது எலும்புக்கூடு நிஜமாகவே நடந்தது. ஆனால் ஓரத்திலிருந்து ஒரு கை பளிச் பளிச்சென்று வந்து போனது. பானு கையை எடுப்பதற்குள் நான் அவசரப்பட்டிருக்கிறேன். அந்தப் படங்களை நீக்கிவிட்டால் எலும்புக்கூடு தவளையாகத் தாவும். மறுபடி எடுக்க அடுத்த பாடு வரவேண்டும், விடிந்தால் அவர்களுக்கு வண்டி. வந்த ஆத்திரத்தில் சேற்றை வாரிச் சுவரில் அடித்தேன்.

"இருந்துட்டுப் போவட்டும்டி. என் கையாவது உன்கிட்ட இருக்கும்ல" என்றாள் பானு.

அன்றிரவே அவள் அம்மாவின் போனுக்கு ஏற்றிக் கொடுத்தேன், அதில் அந்தப் படம் ஓடவே இல்லை.

இப்போது சென்னையில் அனிமேஷன் வேலைதான் செய்கிறேன். படத்தில் விழுந்த கையை அழிப்பது எனக்கு ஒரு வேலையே இல்லை. பானு வீட்டாரின் எண் மாறிப்போய், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட ஊரில் ஆளில்லை. அப்பாவின் பழைய போனிலிருந்த கார்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. அண்மையில் அதிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எலும்புக்கூடு இருக்கிறது, அவள் கை இருக்கிறது. அந்தக் கோடையின் அத்தனை பாடு நாளிலும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தும், அவள் முகத்தை ஒரு படம்கூட நான் எடுத்திருக்கவில்லை.