பெரிய அத்தைக்குப் போட்ட படையல்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு நான் பாட ஆரம்பித்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் அப்பா. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்ததால், எது நடந்தாலும் மணியோடு சொல்வது அவர் வழக்கம். "நாலு பத்துக்கு இவ வாயத் தொறந்தா, நாலு பதினாலுக்குக் குடும்பம் சந்தி சிரிச்சிட்டு" என்று அந்த வாரம் முழுவதும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தென்காசியில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான சின்ன அத்தை என்று நாலு பேர். சின்ன அத்தைக்கு இருபத்தாறு முடிந்திருந்தது. வந்த வரன்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லி நழுவிக்கொண்டிருந்தன. கீழப்பாவூர் வரன் மட்டும் தரகர் மூலமாகத் தானாகத் தேடி வந்தது. மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். நிலம் உண்டு. அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் வந்து, அத்தையைப் பார்த்து, பிடித்துவிட்டது என்பதைச் சொல்லாமல் சொல்லி, இரண்டாவது தடவை கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனி மாதம் பாதி போயிருந்தது. ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் செய்துவிடலாம் என்று தாய்மாமா சொன்னபோது, கதவுக்குப் பின்னால் அம்மா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ நல்லாப் பாடுவியாமே? ஒரு பாட்டுப் பாடு, கேப்போம்."

என்னிடம் இரண்டு பாட்டுகள் இருந்தன. ஒன்று பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து. இன்னொன்று முந்தைய வாரம் குற்றாலத்தில் கற்றது. சாரல் காலத்தில் அருவிக்குப் போகிற வழியில், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும் மங்குஸ்தான் பழக்காரிக்கும் நடுவில், ஒருவர் டேப்பு என்கிற சின்னப் பறையை அடித்துப் பாட, அவர் மனைவி அந்தப் பாட்டை அச்சடித்த மெல்லிய புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தாள். சிந்து என்பார்கள். எங்கே கொலை நடந்தாலும், ரயில் கவிழ்ந்தாலும், அடுத்த மாதமே அது சிந்தாகிவிடும். குளித்துவிட்டு வந்த அம்மா தலை துவட்டி முடிப்பதற்குள் நான் மூன்று முறை கேட்டிருந்தேன். எனக்கு அதுவே போதும்.

"கேளுங்களே மாதர்களே கேளுங்க இந்தச் சேதியை,
குற்றால மலையருவி கொண்டுபோன கன்னியை"

என்று எடுத்தேன். தாய்மாமா தொடையில் தாளம் போட்டார். கன்னி அருவிக்கரையில் காதலனுக்காகக் காத்திருந்தாள். அவன் வரவில்லை.

"காத்திருந்த மன்னவனும் கைவிடவே மனமுடைந்து
பேதையவள் குதித்தாளே பேரருவி மேலிருந்து"

இந்த இடத்தில் டேப்புக்காரர் குரலை நடுங்க விடுவார். நானும் நடுங்க விட்டேன்.

"நிறுத்துட்டி!"

அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவர் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டியிருந்தது. சின்ன அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது வெறும் பாட்டாகவே போயிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

"ஏன் அண்ணாச்சி, பிள்ள நல்லாத்தான பாடுது? எங்க ஊருல நடவுல கூட இதத்தான் பாடுதாளுவ" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு அப்பாவின் வேட்டியைப் பார்த்தார். அத்தை போன வாசலைப் பார்த்தார். "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. அந்தப் பாட்டுல உள்ளவ உங்க வீட்டுப் பொண்ணா?"

எத்தனையோ சாட்சிகள் கூண்டில் திணறுவதைப் பார்த்தவர் அப்பா. அன்று கூண்டில் நின்றவர் அவர். "எந் தங்கச்சிதான்" என்றார் கடைசியில். "வழுக்கி விழுந்துட்டா. பாட்டுல உள்ளது பூராவும் பொய்."

"காய்ச்சல்ல போயிட்டான்னுல்லா தரகர் சொன்னாரு?"

அப்பா துண்டை எடுத்து வேட்டியிலிருந்த காப்பியைத் துடைக்க ஆரம்பித்தார். வழுக்கி விழுந்த கதை எனக்கும் புதிய செய்தி. அப்பாவின் மூத்த தங்கையான பெரிய அத்தை நான் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் போய்விட்டாள் என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஒரு பாட்டே இருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்க வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா நியாயமான மனுஷி. அவர் கேட்டது வேறு: "வயசுப் பொண்ணு கல்யாணம் ஆகாமப் போயிருக்கா. கன்னிக்குப் படைச்சியளா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாமல் இறந்த பெண் வீட்டுக்குத் தெய்வம். அவளுக்குப் புதுச் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி எல்லாம் வைத்துப் படைக்க வேண்டும். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளிடம் உத்தரவு கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் பெரிய அத்தைக்கு ஒரு பூக்கூட வைத்ததில்லை.

"அதான் ஒவ்வொண்ணாத் தட்டிப் போகுது" என்றார் அவர். "தங்கச்சிக்குக் கல்யாணம்னா அவளுக்குத்தான மொதல்ல சொல்லணும்? வெள்ளிக்கிழம படையலப் போடுங்க. நாங்களும் வாரோம். பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்துச்சுன்னா அன்னைக்கே தட்ட மாத்திக்கிடலாம்."

அப்பா சரி என்று தலையாட்டினார். அவர்கள் போன பிறகு வீட்டில் நடந்ததைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். சின்ன அத்தை அடுக்களையில், "நான் மாட்டேன் மதினி, அதுக்கு நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று அழுதாள். அம்மா, "மெதுவாப் பேசு தாயி, பிள்ள நிக்குது" என்றாள். முழு விஷயத்தையும் அம்மா என்னிடம் சொன்னது என் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

பெரிய அத்தை சாகவில்லை.

அந்த வருடம் சாரலில் எல்லோருமாக ஐந்தருவிக்குப் போயிருக்கிறார்கள். திடீரென்று வெள்ளம் வந்து கூட்டம் சிதறி ஓடியிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் பெரிய அத்தை இல்லை. அவளுடைய துண்டும் பித்தளைச் செம்பும் பாறையில் இருந்தன. மூன்று நாள் தேடினார்கள். அதே மாதம் சிந்து வந்துவிட்டது. துண்டும் செம்பும் மட்டும் உண்மை, காதலனைப் புலவர் தன் சொந்தச் செலவில் சேர்த்துக்கொண்டார். மானம் போகிறதே என்று அப்பா கடை கடையாகப் போய் அந்தப் புத்தகங்களை மொத்தமாக வாங்கி வந்து வெந்நீர் அடுப்பில் போட்டார். நாலு நாளில் அத்தனையும் விற்றுப்போனதைப் பார்த்த அச்சகக்காரர், ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று மேலும் ஆயிரம் பிரதி போட்டார். அப்பா அதையும் வாங்கினார். மூன்றாவது முறை அட்டைப்படத்தோடு வந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. அந்தப் பாட்டு பதினோரு வருடம் கழித்தும் குற்றாலத்தில் ஓடிக்கொண்டிருந்ததற்கு அவரைவிடப் பெரிய காரணம் வேறு யாருமில்லை.

அந்த மாதக் கடைசியில் புனலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. குற்றாலத்தில் சீசனுக்கு வந்து வைத்தியசாலையில் மருந்து இடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளத்துக்காரரோடு பெரிய அத்தை செங்கோட்டையில் ரயில் ஏறியிருக்கிறாள். பாட்டில் வராமல் கைவிட்ட அதே காதலன், நிஜத்தில் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டிருந்தார். அப்பா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "பாட்டே இருந்துட்டுப் போகட்டும்" என்றாராம். ஓடிப்போனவள் வீடு என்பதைவிட, தண்ணீரில் போனவள் வீடு என்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. தெருவுக்குத் தெரிந்த அருவிக் கதையைத் தெரு மெல்ல மறந்தது. வெளியூர்க்காரர்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தார்கள்.

அப்பாவை இதற்காக நான் வெகு காலம் மனதுக்குள் மன்னிக்காமல் இருந்தேன். போன மாதம் என் மகள் கல்லூரித் தோழிகளோடு குற்றாலம் போனாள். ஐந்து மணிக்கு வர வேண்டியவள் எட்டேகாலுக்கு வந்தாள். அருவியில் தண்ணீர் கூடி, போலீஸ்காரர்கள் எல்லோரையும் விரட்டி, பஸ் கிடைக்காமல், அவ்வளவுதான் விஷயம். அந்த மூன்றேகால் மணி நேரத்தில் நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், உண்மைதான். ஆனால் அதற்கும் முன்னால் என் மனதில் ஓடியது வேறு: யாரோடாவது போயிருந்தால் எதிர் வீட்டில் என்ன சொல்வது? அந்த எண்ணம் வந்த வேகத்தில் நான் அப்பாவின் மகளாகத்தான் இருந்தேன். அவளைத் திட்டக்கூட முடியவில்லை. சோறு போட்டுவிட்டு, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படையல் போடச் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. அப்பாவின் நிலைமையை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஒரு தங்கையின் கல்யாணம் போய்விடும். சொல்லாவிட்டால் உயிரோடு இருக்கிற இன்னொரு தங்கைக்கு அவரே தெய்வப் படையல் போட வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்கு அப்படிச் செய்தால் ஆயுசு குறையும் என்று அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோ புனலூருக்கு எழுதியிருக்கிறார்கள். யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. கேட்டால் அம்மா சின்ன அத்தையைக் கை காட்டுவாள், சின்ன அத்தை அம்மாவை.

மாலை நாலு மணிக்குப் படையல். சுவரோரம் பலகை போட்டுக் கோலமிட்டு, அரக்குச் சேலை, வளையல், சீப்பு, கண்ணாடி, பிச்சிப்பூ, ஒரு செம்பு நிறைய பாயசம். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவே வெற்றிலையில் ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக மடித்து நூல் கட்டிக் குலுக்கிப் போட்டார். எடுக்க வேண்டியது நான். அப்பா சூடம் கொளுத்தினார். அதற்குள் இரண்டு தீக்குச்சிகள் வீணாயின.

"நல்லா வேண்டிக்கோட்டி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அத்த, வாங்க, வந்து உத்தரவு சொல்லுங்கன்னு கூப்புடு."

நான் கண்ணை மூடிக்கொண்டு மனதாரக் கூப்பிட்டேன். கையை நீட்டினேன். வாசலில் குடையை மடக்கித் தண்ணீரை உதறுகிற சத்தம் கேட்டது.

வெள்ளை வேட்டியைப் போல் ஒன்றை உடுத்தி, தோளில் ஒரு துண்டும் போட்டு, ஈரத் தலையை முடியாமல் விட்டிருந்த ஒரு பெண் நின்றாள். முகம் சின்ன அத்தையின் முகம், கொஞ்சம் வயதானது. அம்மா "ஐயோ" என்று சுவரைப் பிடித்தாள். அப்பா கையில் சூடத் தட்டோடு அப்படியே நின்றார். நான் மட்டும் ஆச்சரியப்படவில்லை. படையல் போட்டோம், கூப்பிட்டேன், வந்துவிட்டாள். சாமி என்றால் வரத்தானே செய்யும்? இவர்கள் எல்லோரும் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"யாரும்மா நீ?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நான்தாம்மா அந்தப் பாட்டுல உள்ளவ. எங்கிட்ட உத்தரவு கேக்கணும்னு சொன்னியளாமே. அதான் வண்டி ஏறிட்டேன்." கொஞ்சம் மலையாளம் கலந்த குரல். "சாகல்லே. கெட்டியவன் உண்டு, ரெண்டு பிள்ளையளும் உண்டு. ஓடிப் போனது நான். எந் தங்கச்சி இங்கனதான் இருந்தா. அவ கல்யாணத்துக்கு எனக்குப் பூரண சம்மதம். இனி உங்க இஷ்டம்."

தாய்மாமா தொண்டையைக் கனைத்து எழுந்தார். "வா போவோம், அக்கா." மாப்பிள்ளையின் அம்மா எழவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்த வீட்டுக்குள் நான் அதுவரை பார்த்திராத ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். நின்றபடியே, சத்தமில்லாமல், அழுதுகொண்டிருந்தார்.

"உக்காருலே" என்று தன் தம்பியை அதட்டினார் அந்த அம்மாள். "பூவக் கட்டி என்னத்துக்கு? உத்தரவு சொல்லவேண்டியவளே வாயால சொல்லிட்டா." பலகையிலிருந்த அரக்குச் சேலையை எடுத்துப் பெரிய அத்தையிடம் நீட்டினார். "இந்தாம்மா. ஒனக்கு எடுத்ததுதான். நனைஞ்சிருக்க, உடுத்திக்கோ."

அதன்பிறகுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சின்ன அத்தை அக்காவைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே பெரிய அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது.

"நீதான் பாடினவளா?"

"ஆமா."

"நான் அந்தப் பாட்ட முழுசாக் கேட்டதே இல்லட்டி. கடைசியில அந்தப் புலவன் என்னய என்ன செய்யுதான்?"

"குதிச்சுச் செத்துப் போயிருதிய" என்றேன். அவள் வருத்தப்படுவாளோ என்று சமாதானமாக, "எல்லாரும் அழுவாங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். எல்லோரும் அழுகிற பாட்டு கிடைப்பது லேசா?

அவள் அப்பா நின்ற பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"செத்தேன்னு சொன்னதும் தேடுறத விட்டுட்டாக" என்றாள் பெரிய அத்தை. "அதனாலதான்ட்டி நான் பொழைச்சேன்."